பால் பத்தவில்லை என்று சொன்னது யார்?

எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் சாயங்காலம் சற்று நேரம் நின்றால் இந்தக் காட்சியைப் பார்த்துவிடலாம். இடுப்பில் சுருக்குப்பையோடு ஒரு பாட்டி வருவார். "பிள்ளைக்குப் பால் பவுடர் வேணும்ப்பா." கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "ஒண்ணாம் நம்பரா, ரெண்டாம் நம்பரா?" ஒன்றாம் நம்பர் ஆறு மாதம் வரைக்கும், இரண்டாம் நம்பர் அதற்கு மேல். "பொறந்து இருபது நாளுதான் ஆவுது. ஆத்தாளுக்குப் பால் பத்தல." விலையைக் கேட்டதும் பாட்டியின் விரல்கள் சுருக்குக் கயிற்றிலேயே நின்றுவிடும். "டின்னு வேணாம். அட்டைப்பெட்டில வருமே, அதையே குடு."

இருபது நாளில் பால் பத்தவில்லை என்று யார் அளந்து பார்த்தார்கள்? புட்டியில் கோடு போட்டிருக்கிறது. எவ்வளவு உள்ளே போனது என்று கண்ணால் பார்க்கலாம். மார்பில் கோடு கிடையாது. பிள்ளை எவ்வளவு குடித்தது என்று பெற்றவளுக்கே தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது. அதன் ஆண்டு மதிப்பு 5,500 கோடி டாலர் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்குச் சொல்லின.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் படித்தவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. பால் பவுடர் விஷமா என்ன? தாயில்லாப் பிள்ளைகளைக் காப்பாற்றியது அதுதானே? எப்படி ஊட்டுவது என்று முடிவு செய்யும் உரிமை தாய்க்கு இல்லையா? ஏழை நாடுகளில் புட்டிப்பால் குடித்த குழந்தைகள் செத்தது அழுக்குத் தண்ணீரால்; நல்ல தண்ணீர் கொடுக்காத அரசாங்கத்தை விட்டுவிட்டு டின் விற்றவனை ஏன் பிடிக்கிறீர்கள்? வேலைக்குப் போகிற பெண் என்னதான் செய்வாள்? தவிரவும், இதெல்லாம் எழுபதுகளின் பழங்கதை, கம்பெனிகள் எப்போதோ திருந்திவிட்டன. இப்படிப் பேசுகிறவர்கள் கம்பெனி ஆட்கள் இல்லை. பெண்ணுரிமைக்காக உண்மையாகவே குரல் கொடுக்கிறவர்களும் அவர்களில் உண்டு. அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பால் பவுடரைத் தடை செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட விற்பனை நெறிமுறை பவுடரை விற்காதே என்று சொல்லவில்லை. பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யாதே, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்காதே, ஆஸ்பத்திரியைக் கடைவீதியாக்காதே, மருத்துவருக்கும் நர்ஸுக்கும் பரிசு கொடுத்து உன் பக்கம் இழுக்காதே என்றுதான் சொல்கிறது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தது ஒன்றே ஒன்று, அமெரிக்கா. தாயில்லாப் பிள்ளைக்கு வேண்டிய டின் அன்றும் கடையில் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்காக யாரும் விளம்பரம் செய்யத் தேவையில்லை. டாக்டர் சீட்டு எழுதினால் போதும்.

இனி தெரிவுக்கு வருவோம். தெரிவு என்றால் இன்று ஒன்றை எடுத்தவள் வேண்டாமென்றால் நாளை மற்றதற்குத் திரும்ப முடிய வேண்டும். தாய்ப்பால் விஷயத்தில் அப்படி இல்லை. பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். இறைக்கிற கிணற்றின் கதைதான். பிரசவமான முதல் வாரத்தில் நாளுக்கு நான்கு வேளை புட்டி கொடுத்தால் பிள்ளை மார்பைத் தேடுவது குறையும், சப்பாததால் ஊறுவதும் குறையும். பத்து நாள் கழித்துப் "பால் பத்தல" என்று பாட்டி சொல்வது உண்மையாகவே ஆகிவிடும். இலவச டின் அதற்குள் காலியாகியிருக்கும். அடுத்த டின்னுக்குக் காசு கொடுக்க வேண்டும். விட்ட பாலை மறுபடி வரவழைப்பது முடியாத காரியம் இல்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும். ஏழையின் வீட்டில் அந்த ஆளை எங்கே தேடுவது? வேறு எந்தச் சரக்கிலும் இலவச மாதிரிக்கு இவ்வளவு வலிமை கிடையாது. ஷாம்பூ பாக்கெட்டை இலவசமாக வாங்கித் தேய்த்துப் பார்த்தவர் மறுநாள் சீயக்காய்க்குப் போகலாம். இங்கே மாதிரி கொடுப்பது போட்டிச் சரக்கையே வற்றச் செய்துவிடுகிறது. இதற்குத் தெரிவு என்று பெயர் வைப்பது என்ன நியாயம்?

சந்தேகத்தை விதைக்கும் வேலை எப்படி நடந்தது என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஜமைக்காவில் பிறந்த குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், ஆப்பிரிக்காவின் தங்கக் கரையில், அதாவது இன்றைய கானாவில், குவாஷியோர்க்கர் என்ற குழந்தை நோயை மருத்துவ உலகுக்கு அடையாளம் காட்டியவர். அங்கிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். நர்ஸ்களைப் போல வெள்ளை உடை உடுத்திய பெண்கள் வீடு வீடாகப் போய், பச்சை உடம்புக்காரிகளிடம் இனிப்பூட்டிய டின் பாலைப் பிள்ளைக்கு நல்லது என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்கள். அதை அவர் பார்த்தார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், கனவான்களின் நடுவே எழுந்து பேசினார். உரைக்கு அவர் வைத்த தலைப்பு "பாலும் கொலையும்". பிள்ளைக்கு ஒவ்வாததை ஊட்டச் சொல்லிப் பிரசாரம் செய்வதைக் கொலைக்குச் சமமாகவே வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். முப்பது வருடம் கழித்தும் அந்த வெள்ளை உடை மாறவில்லை. எழுபதுகளில் கரீபியத் தீவுகளிலும் ஆப்பிரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் கம்பெனிச் சம்பளம் வாங்கிய "பால் நர்ஸ்கள்" பிரசவ வார்டுகளுக்குள் நடமாடினார்கள்.

நம் ஊரில் அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை, மொழிக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். மொழுமொழுவென்று இருக்கும் பிள்ளையை நம் வீடுகளில் "அமுல் பேபி" என்கிறோம். அதற்கு முந்தைய தலைமுறை "கிளாக்ஸோ பேபி" என்றது. நல்ல பிள்ளைக்கு இலக்கணம் டின்னின் மேலிருந்த படம். நெஞ்செலும்பு தெரிய, துறுதுறுவென்று தாய்ப்பாலில் வளரும் பிள்ளையைப் பார்க்க வருகிற அத்தை, "என்னடி, பால் பத்துதா?" என்று கேட்கிறாள். அவளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய கம்பெனி அதை மிச்சம் பிடித்துக்கொண்டது.

தண்ணீர் வாதம்தான் இருப்பதில் பலமானது. அதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். தண்ணீரோடு காசும் சேர்ந்து வருகிற விஷயம் என்பதால் ஒரு பெட்டிப் பவுடரைப் பிரித்துக் கணக்குப் போடுவோம். மூன்று மாதப் பிள்ளை ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லி குடிக்கும். 30 மில்லி தண்ணீருக்கு ஒரு அளவுக் கரண்டி. ஆக 25 கரண்டி, கரண்டிக்கு நாலரை கிராம். நாளைக்கு 110 கிராமுக்கு மேல். 400 கிராம் பெட்டி நான்காம் நாளைத் தாண்டாது. மாதத்துக்கு எட்டுப் பெட்டியாவது வேண்டும். பெட்டி நானூறு ரூபாய் என்றே வைத்துக்கொண்டால் 3,200 ரூபாய். நூறு நாள் வேலைக்குப் போகிறவளுக்கு ஏறத்தாழப் பத்து நாள் கூலி. சுருக்குப்பைப் பாட்டி எட்டுப் பெட்டி வாங்க மாட்டார். மூன்று வாங்குவார், நான்கு வாங்குவார். பிறகு ஒரு கரண்டிக்குத் தண்ணீர் கூடும். புட்டி வெள்ளையாகத்தான் இருக்கும். பிள்ளைக்கு வயிறு நிறையும், உடம்பு தேறாது. எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைக்கு எழுதும் நோய்ப் பெயர்ச் சீட்டில் இந்தக் கணக்கு இருக்காது.

இத்தனைக்கும் பவுடரே கிருமி இல்லாத பொருள் கிடையாது. 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் உள்ள தண்ணீரில்தான் கலக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் புட்டியையும் ரப்பரையும் கொதிக்க வைக்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. நாளைக்கு ஏழெட்டு முறை, நடுராத்திரியிலும். சுள்ளி பொறுக்கி அடுப்பு எரிக்கிற வீட்டில் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். மிஞ்சிய பாலைக் கொட்டுவதா? நானூறு ரூபாய்ப் பாலையா?

இதெல்லாம் தெரிந்தேதான் அந்த ஊர்களில் விற்றார்கள். 1978-இல் அமெரிக்க செனட் விசாரணையில் எட்வர்ட் கென்னடி எழுப்பிய கேள்வியின் சாரமும் இதுவே: நல்ல தண்ணீர், சுகாதாரம், போதிய வருமானம், எழுத்தறிவு ஆகிய நான்கும் இருந்தால்தான் ஆபத்தில்லாமல் பயன்படுத்த முடிகிற பொருளை, அந்த நான்கும் இல்லாத இடத்தில் விற்பது எப்படித் தகும்? பதில் சொல்ல வந்த, பால் பவுடர் கம்பெனியான நெஸ்லேயின் பிரேசில் தலைவர், தங்கள் பொருள்களைப் புறக்கணிக்கும் போராட்டமே சுதந்திர உலகின் பொருளாதாரத்தின் மேல் தொடுத்த தாக்குதல் என்றார். அழுக்குத் தண்ணீர் ஊரறிந்த விஷயம். ஆற்றில் வெள்ளம் ஓடுவதைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டே, நீந்தத் தெரியாதவனுக்குப் பரிசல் விற்றவன், "குற்றம் வெள்ளத்தின் மேல்" என்று சொன்னால் ஊர் என்ன சொல்லும்?

2018-இல் அமெரிக்கப் பொருளியலாளர்கள் சிலர், நெஸ்லேயின் பால் பவுடர் எந்த நாட்டில் எந்த ஆண்டு நுழைந்தது என்பதையும் அங்கே குழந்தைகள் இறந்த கணக்கையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்கள். நல்ல தண்ணீர் கிடைக்காத தாய்மாரின் குழந்தைகளிடம்தான் சாவு ஏறியிருந்தது. 1981 என்ற ஒரே ஆண்டில் சுமார் 66,000 குழந்தைகள் என்பது அவர்களின் மதிப்பீடு. "பார்த்தீர்களா, தண்ணீர்தான் காரணம்" என்று இதையே கம்பெனிக்குச் சாதகமாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் கெட்டிருந்தது அந்தக் கம்பெனி நுழைவதற்கு முந்திய வருடமும்தான். நுழைந்த பிறகு ஏறியது சாவு. தாய் மடியில் கிடந்த பிள்ளைக்கு அந்தத் தண்ணீரோடு சம்பந்தமே இல்லாமல் இருந்தது. சம்பந்தத்தை உண்டாக்கியது புட்டி.

போட்ஸ்வானாவில் நடந்தது இன்னும் வருத்தமானது. அங்கே லாப நோக்கம் இல்லை, விளம்பரம் இல்லை. எச்ஐவி உள்ள தாய்மாரின் பால் வழியாகப் பிள்ளைக்குத் தொற்று வந்துவிடக் கூடாதே என்று அரசே நல்ல எண்ணத்தோடு பால் பவுடரை இலவசமாகக் கொடுத்தது. ஆப்பிரிக்காவில் குழாய்த் தண்ணீர் ஓரளவு ஒழுங்காக வரும் நாடுகளில் அதுவும் ஒன்று. 2006-இன் தொடக்கத்தில் பெருமழை பெய்தது. தண்ணீர் கெட்டது. வயிற்றுப்போக்கு பரவி, ஐந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தாய்ப்பால் குடிக்காத பிள்ளைகள். பிறகு 2010-இல் உலக சுகாதார நிறுவனம், எச்ஐவி மருந்து உட்கொண்டபடியே பாலூட்டலாம் என்ற வழியை முன்வைத்தது. காசு வாங்காமல், நர்ஸ் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தும் ஒரு மழைக்குத் தாங்காத ஏற்பாடு அது. அதையே விளம்பரப் பலகையில் ஏற்றி விற்றால்?

தண்ணீர் மாறாமல், வறுமை மாறாமல், வார்டுக்குள் விற்பனையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு பிலிப்பைன்ஸ் மலை நகரமான பாகியோவின் அரசு மருத்துவமனை பதில் வைத்திருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே பிறக்கும் பிள்ளையை உடனே தாயிடமிருந்து பிரித்துத் தனி அறையில் வைத்துப் புட்டிப்பால் கொடுப்பதுதான் வழக்கம். நவீன மருத்துவம் என்றால் அதுதான் என்று நம்பினார்கள். குழந்தை மருத்துவர் நதிவிதாத் கிளவானோவும் முதலில் அப்படித்தான் நம்பினார். பிறகு மனம் மாறி, கம்பெனி ஆட்களுக்கு வார்டுக் கதவைச் சாத்தினார். சுவரில் இருந்த கொழுகொழு பிள்ளைப் படங்களைக் கழற்றினார். இலவச டின்களைத் திருப்பி அனுப்பினார். பிள்ளையைப் பெற்றவளின் பக்கத்திலேயே படுக்க வைத்தார். 1973 முதல் 1977 வரை பிறந்த ஏறத்தாழ 10,000 குழந்தைகளின் பதிவேடுகளை மாற்றத்துக்கு முன், பின் என்று பிரித்துப் பார்த்தபோது, தொற்றும் சாவும் செங்குத்தாக விழுந்திருந்தன. ஊர் அதே ஊர், தாய்மார் அதே ஏழைத் தாய்மார், குழாயில் வந்ததும் அதே தண்ணீர். மாறியது வார்டு மட்டும்: கம்பெனி ஆள் வெளியே, பிள்ளை தாயின் பக்கத்தில்.

அதே பிலிப்பைன்ஸைக் கொண்டே "திருந்திவிட்டார்கள்" என்ற பேச்சையும் முடித்துவிடலாம். 2006-இல் அந்த நாட்டுச் சுகாதாரத் துறை பால் விற்பனை விதிகளை இறுக்க முயன்றது. மருந்துக் கம்பெனிகளின் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. அமெரிக்க வர்த்தக சபையின் தலைவர் நேரடியாக அதிபர் அரோயோவுக்குக் கடிதம் எழுதினார். இந்த விதிகள் வந்தால் முதலீட்டாளர்களின் நம்பிக்கை குலையும் என்பது சாரம். விதிகளுக்கு இடைக்காலத் தடை வந்தது. 2007-இல் நீதிமன்றம் முழு விளம்பரத் தடையைச் செல்லாது என்று சொல்லி, மற்ற பெரும்பாலான விதிகளை நிற்க விட்டது. எழுபதுகளின் பழங்கதை இல்லை இது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பால் கம்பெனிகளின் 264 சமூக ஊடகக் கணக்குகளை ஆராய்ந்தது. நாளைக்குச் சுமார் 90 பதிவுகள், 22.9 கோடிப் பேரைச் சென்றடைந்தன. வெள்ளை உடைப் பெண் இப்போது கைப்பேசிக்குள் வருகிறாள். "அம்மாக்கள் குழு" என்று பெயர் வைத்து, நடுராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை அழும்போது ஆறுதல் சொல்கிறாள்.

கம்பெனிகளைக் கேள்வி கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதும் நினைவிருக்கட்டும். மைக் முல்லர் 1974-இல் எழுதிய ஆங்கிலச் சிறுநூலை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர இளைஞர் குழு ஒன்று "நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது" என்ற தலைப்பில் ஜெர்மனில் வெளியிட்டது. கம்பெனி அவதூறு வழக்குப் போட்டது. 1976-இல் தீர்ப்பு வந்தது. தலைப்பு அவதூறுதான் என்று 13 பேருக்கு ஆளுக்கு 300 ஃபிராங்க் அபராதம். கூடவே, கம்பெனி தன் விளம்பர முறைகளை அடியோடு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் நீதிபதி சொன்னார். வழக்கில் ஜெயித்த கம்பெனியின் பெயர் உலகமெங்கும் அடிபட்டது அதன் பிறகுதான். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் புறக்கணிப்புத் தொடங்கியது.

வேலைக்குப் போகும் பெண்ணைச் சாட்சிக்கு இழுப்பதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கு வேண்டியது சம்பளத்தோடு ஆறு மாத விடுப்பு. அது முடிந்தால் வேலையிடத்தில் ஒரு நிழலும் ஒரு தொட்டிலும். 2017-இல் இந்தியச் சட்டம் 26 வார விடுப்பு கொடுத்தது, சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பவளுக்கு. பெயர் இல்லாதவள்தான் நாட்டில் அதிகம். அவளுக்கு விடுப்புக் கேட்டு எழுத வேண்டிய பேனாக்கள், அவள் பெயரைச் சொல்லி டின்னுக்கு வக்காலத்து வாங்குகின்றன.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். "தாய்ப்பால் கொடுக்காதவள் தாயா?" என்று மேடையில் உருகுகிற கூட்டம் எனக்கு உவப்பானது இல்லை. அழுகிற பிள்ளையையும் வலிக்கிற மார்பையும் வைத்துக்கொண்டு தவிப்பவள் மேல் குற்ற உணர்ச்சியையும் ஏற்றினால், அவள் நேராகப் புட்டியிடம்தான் போவாள். உண்மையிலேயே பால் வராத தாய்மார் உண்டு, கொடுக்க விரும்பாதவர்களும் உண்டு. அவர்கள் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை. கேள்வி ஊட்டுகிறவளைப் பற்றியது இல்லை, விற்கிறவனைப் பற்றியது.

நம் நாட்டில் சட்டம் பலமாகவே இருக்கிறது. 1992-இல் வந்து, 2003-இல் இறுக்கப்பட்டது. இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுக்கும் புட்டிக்கும் எந்த விளம்பரமும் கூடாது. டின்னில் குழந்தைப் படமோ பெண் படமோ கூடாது. மருத்துவருக்குப் பரிசும் கூடாது, அவர்கள் மாநாட்டுக்குப் பணமும் கூடாது. ஆனால் இரண்டு வயதுக்கு மேல் என்று எழுதிய டின்னுக்கு விளம்பரம் கூடும். அதே நிறம், அதே எழுத்து, அதே பெயர். மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐயாயிரம் ரூபாய்க்கு மேலே சொன்ன பெட்டி பன்னிரண்டு வாங்கலாம், ஒரு பிள்ளைக்குச் சுமார் ஒன்றரை மாதம் வரும்.

2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்கு 88.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடந்தன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்ததோ நூற்றுக்கு 41.8 பிள்ளைகளுக்குத்தான். டாக்டரும் நர்ஸும் பக்கத்தில் இருக்கும்போதே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் சீம்பாலுக்குக் காத்திருந்தன. முதல் சந்தேகம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் வார்டுக்குள் நுழைகிறது.

அதனால் உங்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். பிரசவ வார்டிலோ குழந்தை மருத்துவரின் அறையிலோ பால் கம்பெனிப் பெயர் போட்ட காலண்டரோ, எடை அட்டையோ, இலவச டின்னோ கண்ணில் பட்டால் படம் எடுத்துப் புகார் அனுப்புங்கள். அது சட்டப்படி குற்றம். அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போகும்போது, பச்சை உடம்புக்காரியிடம் பால் பத்துகிறதா என்று கேட்காதீர்கள். நீ சாப்பிட்டாயா என்று கேளுங்கள். முடிந்தால் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு அவளை ஒரு மணி நேரம் தூங்க விடுங்கள்.